ஜெர்மன் வீட்டை பிரிட்டிஷ் தெருவில் நிறுத்த முடியுமா?

கேள்வி (மான்செஸ்டர் வாசகர் ஒருவர்): மாடல் ரயிலுக்காக ஓஓ அளவில் (பிரிட்டிஷ் மாடல்களின் அளவு, 1:76) 1950களின் நகர நிலையம் ஒன்று கட்டுகிறேன். ஃபாலர், கிப்ரி, வோல்மர் என்ற ஜெர்மன் நிறுவனங்களின் பிளாஸ்டிக் வீட்டுக் கிட்டுகள் ஒரு பெட்டி நிறைய மலிவாகக் கிடைத்தன. எல்லாமே எச்ஓ (ஐரோப்பிய அளவு, 1:87). கூடச் சேர்ந்து ரயில் கட்டும் நண்பர், "1:87 வீட்டை 1:76 ரயிலுக்குப் பக்கத்தில் வைத்தால் பல்லிளிக்கும், வந்த விலைக்குத் தள்ளிவிடு" என்கிறார். அவர் சொல்வது சரியா?

11 ஜனவரி 2024

நண்பரின் கணக்கு சரி, முடிவுதான் தப்பு.

ஓஓ-வில் நிஜத்தின் ஒரு அடி 4 மி.மீ.; எச்ஓ-வில் 3.5 மி.மீ. எட்டில் ஒரு பங்கு குறைவு. ஆனால் இரண்டும் ஓடுவது ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில். பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிட ஒல்லி. அந்தக் காலத்து மோட்டாரை அதற்குள் திணிக்க முடியாமல் உடம்பை மட்டும் பெரிதாக்கினார்கள், தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அதனால் 4 மி.மீ. கணக்கில் நம் தண்டவாளத்தின் அகலம் 4 அடி 1½ அங்குலம்; நிஜத்தில் 4 அடி 8½. ஏழு அங்குலம் குறைந்த பாதையில் ஓடும் ரயிலை வாயைப் பிளந்து ரசிப்பவர், பக்கத்து வீட்டின் அளவைக் குறை சொன்னால் சிரிப்புதான் வருகிறது.

சுவர் உயரத்தைப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெர்லினிலும் வியன்னாவிலும் கட்டிய அடுக்கு வீடுகளில் ஒரு மாடி மூன்றரை மீட்டர் வரை போகும். 1:87-இல் அது 40 மி.மீ. அதே 40 மி.மீ. ஓஓ-வில் பத்தடி. விக்டோரியா காலத்து லண்டன் வீட்டின் மாடிக்குப் பத்தடி தாராளமாகப் பொருந்தும். ஆக, சுவரைத் தூக்கிப் போட வேண்டாம். பெட்டியின் மேல் உள்ள படத்தைத்தான் மறக்க வேண்டும். எனக்கு இந்தக் கிட்டு என்றால் ஜன்னல் வெட்டிய சுவர்த் தகடு, அவ்வளவுதான்.

11 ஜனவரி, இரவு

கதவை விட்டுவிட்டேன். உண்மையில் காட்டிக்கொடுப்பது கதவுதான்.

இரண்டு மீட்டர் கதவு எச்ஓ-வில் 23 மி.மீ. ஓஓ-வில் ஐந்தடி ஒன்பது அங்குல ஆளும் 23 மி.மீ. ஆளைக் கதவுக்கு நேரே நிறுத்தினால் தலை நிலையில் ஒட்டிக்கொள்ளும், தொப்பி போட்டவர் உள்ளே போகவே முடியாது. பழைய கிட்டுகள் சிலவற்றில் 1:87 கூடக் கிடையாது. மேஜையில் இடம் பிடிக்காமல் இருக்க இன்னும் சுருக்கியிருப்பார்கள். அதனால் வாங்கியதும் முதலில் ஸ்கேலை வைத்துக் கதவை அளந்துவிடுங்கள். 20 மி.மீ.க்குக் கீழே என்றால் அந்த வீடு பின்வரிசைக்கு.

வழி இரண்டு. ஒன்று, சுவர் முழுவதற்கும் அடியில் 3 மி.மீ. பிளாஸ்டிக் பட்டை கொடுத்து வீட்டை உயர்த்தி, கதவை மட்டும் கீழே நீட்டுவது. பட்டைக்கு சிமெண்ட் நிறம் அடித்தால் பூச்சு வேலை செய்த அடித்தளம் போலவே இருக்கும், ஜன்னல்களும் மூன்று மில்லி மேலேறிவிடும். இரண்டு, தரைத்தளத்தையே அறுத்து எறிந்துவிட்டுக் கடை வைப்பது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பிரிட்டிஷ் நகரத் தெருவில் கீழே கடை, மேலே குடியிருப்பு என்பது சாதாரணம். கடை முகப்பை நாமே 4 மி.மீ. கணக்கில் செய்வதால் கதவு, ஜன்னல், பெயர்ப்பலகை எல்லாம் சரியான உயரத்தில் இருக்கும். நடைபாதையில் நிற்பவன் கண்ணுக்குத் தெரிவது அந்தத் தளம்தானே. மேலே என்ன அளவு என்று எவனும் டேப் வைத்துப் பார்ப்பதில்லை.

15 ஜனவரி

"அளவுதான் எல்லாம்" என்று இன்னொருவர் மல்லுக்கு நிற்கிறார். அவருக்கு ஒரே ஒரு கேள்வி.

பிரிட்டிஷ் மாடல் ரயில் நிறுவனமான ஹார்ன்பி 2022-இல் டிடி:120 என்ற சிறிய அளவைக் கொண்டுவந்தது. இது பிரிட்டிஷ் ரயில், 1:120. ஜெர்மனியில் டிடி என்பதும் அதே 1:120தான். சாக்சனியில் இருக்கும் அவுஹாகன் நிறுவனம் அந்த அளவில் கட்டடக் கிட்டுகளை ரொம்ப காலமாக விற்கிறது. மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்தும். அப்படியென்றால் அந்த வீட்டைப் பெட்டியில் இருப்பதுபோலவே ஒட்டி பிரிட்டிஷ் ரயிலுக்குப் பக்கத்தில் வைத்தால் சரியாக இருக்க வேண்டுமே? வைத்துப் பாருங்கள். சாக்சனியில்தான் போய் நிற்கும். அளவு பொருந்தியும் ஊர் பொருந்தவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

எங்கே என்று நாளைக்கு எழுதுகிறேன். இப்போது பசை காய்ந்துகொண்டிருக்கிறது.

19 ஜனவரி

நாளை என்று சொல்லி நாலு நாள் போய்விட்டது. சரி, கூரை.

ஜெர்மன் கிட்டை அடையாளம் காட்டுவது முதலில் கூரைதான். செங்குத்தான சரிவு, சிவப்பு ஓடு, நுனி வெட்டிய முக்கோணம், கூரைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஜன்னல்கள். பிரிட்டிஷ் நகரத்தில் அதிகமும் வேல்ஸ் நாட்டுக் கற்பலகை. சாம்பல் நிறம், அதற்குப் பாதிச் சரிவு போதும். லண்டனின் பழைய தெருக்களில் கூரையே கண்ணில் படாது. 1707-இல் வந்த கட்டடச் சட்டம் தீப்பிடிக்கும் மரக் கொடுங்கைகளைத் தடுத்தது, முகப்புச் சுவரைக் கூரைக்கு மேலே கைப்பிடிச் சுவராக எழுப்ப வைத்தது. கூரை அதன் பின்னால் ஒளிந்துகொண்டது. நமக்கு லாபம்: கிட்டில் வந்த கூரையை எடுத்து வைத்துவிட்டு, முகப்பின் மேல் 10 மி.மீ. செங்கல் தகடு ஒட்டி, உச்சியில் ஒரு பட்டை வைத்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி பின்பக்கம். இதை யாரும் யோசிப்பதில்லை. ரயில் பயணிக்கு வீட்டின் முகம் எப்போதாவதுதான் தெரியும், தெரிவதெல்லாம் முதுகுதான். ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டில் ஏறி லைம்ஹவுஸ் வரை மேம்பாதையில் வரும்போது இரண்டு பக்கமும் பார்த்தால் புரியும். கைப்பிடிச் சுவர் வைத்த லண்டன் வீட்டை முன்னாலிருந்து பார்த்தால் உச்சி நேர்கோடு. பின்னாலிருந்து பார்த்தால் ஒவ்வொரு வீட்டின் உச்சியும் ஆங்கில வி எழுத்துப் போலப் பள்ளமாக இறங்கும். இரண்டு பக்கப் பொதுச்சுவரிலிருந்தும் கூரை உள்நோக்கிச் சரிந்து, நடுவில் ஒரு கால்வாய். தண்ணீர் அதன் வழியாகப் பின்சுவருக்கு வந்து, பெட்டி போன்ற ஒரு இரும்பு வாய்க்குள் விழுந்து, குழாயில் இறங்கும். கிட்டின் பின்சுவரில் இந்தப் பள்ளத்தை அறுப்பதற்குக் கத்தியும் ஸ்கேலும் போதும். அறுத்த இடத்தின் அடியில் அந்த இரும்பு வாயை ஒட்டி, ஒரு மில்லி கம்பியைக் கீழே இறக்குங்கள். வேறு எதுவும் செய்யாவிட்டாலும் அது லண்டன்.

குழாயில் கஞ்சத்தனம் வேண்டாம். கழிவுநீர்க் குழாயையும் வெளிச்சுவரில் ஏற்றுவது அந்தக் கால பிரிட்டனின் வழக்கம். 4 அங்குலக் குழாய் என்றால் ஏறக்குறைய 1.3 மி.மீ. தடிமன். ஜெர்மன் கிட்டில் மழைநீர்க் குழாய் இரண்டு கொடுத்தால் அதிகம்.

20 ஜனவரி

புகைபோக்கி பற்றி எழுதாமல் விட்டதற்கு மூன்று பேர் திட்டிவிட்டார்கள். எழுதுகிறேன், எழுதுகிறேன்.

பிரிட்டிஷ் வீட்டில் அறைக்கு ஒரு கணப்பு, கணப்புக்கு ஒரு புகைவழி, புகைவழிக்கு ஒரு மண்குடுவை. பக்கத்து வீட்டின் கணப்புகளும் அதே பொதுச்சுவரில் இருப்பதால் இரண்டும் சேர்ந்து ஒரே தண்டாக எழும்பும். வீட்டுக்கு நாலு அறை என்றால் ஒரு தண்டின் மேல் எட்டுக் குடுவை வரிசையாக நிற்கும். கிட்டில் வருவதோ கூரை நடுவே ஒல்லியாக ஒன்று, தலையில் குடுவையும் இல்லை. அதை ஒட்டினால் மற்ற எல்லா உழைப்பும் வீண்.

குடுவைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பாகங்களைப் பிடித்துக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம் இருக்கிறதே, எல்லாரும் குப்பையில் போடுவது, அது பல கிட்டுகளில் உருண்டையாக மூன்று நாலு மில்லி தடிமனில் இருக்கும். 10 மி.மீ. துண்டுகளாக நறுக்கி, மேலே துரப்பண ஊசியால் குழித்து, சிலதுக்கு மண்சிவப்பு, சிலதுக்கு வெளிர் மஞ்சள் அடியுங்கள். எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கக் கூடாது. ஒன்றிரண்டு சற்றுச் சாய்ந்திருந்தால் இன்னும் நல்லது.

2 பிப்ரவரி

ஜன்னல். ஐரோப்பியக் கிட்டில் கதவு மாதிரித் திறக்கும் ஜன்னல். நடுவில் நெட்டுச் சட்டம், மேலே ஒரு குறுக்குச் சட்டம். பிரிட்டனில் மேலும் கீழும் நகரும் சாஷ். நல்ல செய்தி என்னவென்றால் சுவரில் உள்ள ஓட்டையை மாற்ற வேண்டியதில்லை. என்னிடம் இருக்கும் ஒரு கிட்டில் ஓட்டை 13-க்கு 22 மி.மீ.; ஓஓ-வில் அது மூன்றேகால் அடிக்கு ஐந்தரை அடி. சாஷ் ஜன்னலுக்கு அளவெடுத்துத் தைத்தது போல.

கண்ணாடித் தகட்டில் சட்டத்தை வரைந்து ஒட்டினால் தட்டையாக இருக்கும். மேல்பாதி வெளியே, கீழ்பாதி அரை மில்லி உள்ளே இருக்க வேண்டும். இரண்டும் நடுவில் ஒரு குறுக்குச் சட்டத்தில் சந்திக்கும். இரண்டு தகடாக வெட்டி ஒன்றன்பின் ஒன்று ஒட்டினால் அந்த நிழல் தானாக வரும். லேசரில் வெட்டிய காகித ஜன்னல்கள் ஓஓ அளவிலேயே விற்கிறார்கள், பொறுமை இல்லாதவர்களுக்கு அது.

எத்தனை கண்ணாடிச் சதுரம்? அது காலத்தைப் பொறுத்தது. கண்ணாடி மேல் இருந்த வரியை 1845-இல் எடுத்தார்கள், ஜன்னல் வரியை 1851-இல். பிறகு பெரிய கண்ணாடி மலிவானது. அதற்கு முந்தைய வீடென்றால் மேலே ஆறு கீழே ஆறு. பிந்தையது என்றால் மேலே இரண்டு கீழே இரண்டு, அல்லது ஒன்றுக்கு ஒன்று. ஒரு தெருவில் எல்லாம் கலந்து கிடக்கலாம்.

5 பிப்ரவரி

"அமெரிக்கக் கிட்டில் சாஷ் ஜன்னல் தானாகவே இருக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?" நியாயமான கேள்வி. டி.பி.எம்., வால்தர்ஸ் கிட்டுகளில் வரும் நகரக் கட்டடங்களில் சாஷ் ஜன்னல், வளைந்த செங்கல் தலைப்பு, கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் தட்டைக் கூரை, ஜன்னலே இல்லாத பக்கச்சுவர். லண்டனுக்குப் பாதி வழி வந்தாயிற்று. இரும்பு அவசரப் படிக்கட்டு, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, நெற்றியில் துருத்திக்கொண்டிருக்கும் உலோகக் கார்னிஸ், இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் மீதியும் வந்துவிடும். கார்னிஸைப் பக்கவாட்டில் அறுக்காதீர்கள், செங்கல் பிய்ந்துவிடும். அரத்தால் மெதுவாகத் தேய்த்துவிட்டு அந்த இடத்தில் தட்டைப் பட்டை ஒட்டிப் பூச்சு நிறம் அடியுங்கள்.

ஆனால் செங்கல் கணக்கில் ஜெர்மன்காரன் முந்துகிறான். பிரிட்டிஷ் செங்கல் ஒரு வரி, கலவையோடு சேர்த்து, 3 அங்குலம். ஓஓ-வில் அச்சாக ஒரு மில்லி. ஜெர்மன் பழைய செங்கல் மீட்டருக்கு 13 வரி. எச்ஓ-வில் கிட்டத்தட்ட 0.88. அமெரிக்கச் செங்கல் 8 அங்குலத்துக்கு மூன்று வரி, எச்ஓ-வில் 0.78. நிஜச் சுவரைப் பார்த்து அச்சு வார்த்திருந்தால் இதுதான் கணக்கு. நாலு வரி இருக்க வேண்டிய இடத்தில் ஜெர்மன் சுவரில் நாலரை, அமெரிக்கச் சுவரில் ஐந்துக்கும் மேல்.

பக்கத்தில் சரியான ஓஓ சுவர் இல்லாவிட்டால் கண்ணுக்குப் படாது. இருந்தால் படும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு குழாயோ ஒரு சந்தோ விட்டுவிடுங்கள்.

6 பிப்ரவரி

கேள்வி கேட்டவரிடமிருந்து பதில் வந்தது: "அண்ணா, நீங்கள் எழுதுவதெல்லாம் லண்டன். என் ஊர் மான்செஸ்டர்."

நியாயம்தான். லண்டனில் குடியிருப்பவனுக்கு உலகமே லண்டன். மேலே எழுதியதில் கைப்பிடிச் சுவர், பின்பக்கப் பள்ளம் இரண்டையும் வடக்குக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள் தம்பி. அங்கே சாதாரணத் தெருவீடு என்றால் கற்பலகைக் கூரை தெருப்பக்கமே சரிந்து வந்து, ஓரத்தில் தண்ணீர்க் கால்வாய். ஜெர்மன் கிட்டின் முக்கோணச் சுவரைப் பாதிச் சரிவுக்கு அறுத்துக் குறைத்தால் போதும். மேலே கற்பலகைக்குக் காகிதப் பட்டைகளை வரிசையாக ஒட்டலாம். செங்கலும் வேறு. லண்டனில் சூளையிலிருந்து வரும்போது மஞ்சள், புகையில் கறுத்தது. லங்காஷயரில் சிவப்பு, கல்லும் தடிமன்; நாலு வரிக்கு 13 அங்குலம் வரை போகும். அதனால் நுணுக்கமான அமெரிக்கச் சுவர் உங்களுக்கு இன்னும் பொருந்தாமல் போகும்.

அதே நேரம் மான்செஸ்டருக்கு லண்டனுக்கு இல்லாத ஒரு அதிர்ஷ்டம் உண்டு: கிடங்குகள். பருத்தி வியாபாரிகள் 1850களில் இத்தாலிய அரண்மனை பாணியில் கட்டித் தள்ளினார்கள். போர்ட்லண்ட் ஸ்ட்ரீட்டில் உள்ள வாட்ஸ் கிடங்கைப் பார்த்திருப்பீர்கள். மாடிக்கு ஒரு பாணி. பிராட்ஃபோர்டில் ஜெர்மன் வியாபாரிகள் எழுப்பிய கிடங்குத் தெருக்களுக்கு லிட்டில் ஜெர்மனி என்றே பெயர். இப்படிப்பட்ட ஊரில் உங்கள் பெட்டியில் உள்ள பூவேலை முகப்புகளை நிறுத்தினால் யார் கேட்கப் போகிறார்கள்? கூரையை மட்டும் எடுங்கள். அடியில் வண்டி நுழையும் வாசல் ஒன்று, மேலே பாரம் தூக்கும் கை ஒன்று.

6 பிப்ரவரி, கொஞ்சம் கழித்து

லீட்ஸில் ஒரு பழைய ஆலையின் புகைபோக்கிகளை வெரோனா, ஃபுளோரன்ஸ் கோபுரங்களைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். கிளாஸ்கோவில் ஒரு கம்பள ஆலைக்கு வெனிஸ் அரண்மனை முகப்பு. இதை மாடலில் கட்டினால் "இது பிரிட்டன் இல்லை" என்று ஒருவராவது சொல்லியே தீருவார்.

10 பிப்ரவரி

கிளாஸ்கோ என்றதும் ஒருவர் பிடித்துக்கொண்டார். ஆமாம், எச்ஓ கிட்டுக்கு பிரிட்டனிலேயே மிகச் சுலபமான ஊர் அதுதான். நாலு மாடிக் கல் அடுக்ககம், தெரு முழுக்க ஒரே உயரம், எல்லாருக்கும் பொதுவான ஒரு நுழைவு. பெர்லின் அடுக்ககத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன். சிவப்பு மணற்கல் நிறமோ வெளிர் மணற்கல் நிறமோ அடித்து, சாஷ் ஜன்னல் போட்டு, பொதுச்சுவர்மேல் குடுவை வரிசையை ஏற்றினால் வேலை முடிந்தது. பூச்சு வேலை முகப்புள்ள கிட்டுகளை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள், செங்கல் வரி என்ற தலைவலியே இல்லை.

24 பிப்ரவரி

பசை, வண்ணம் பற்றிச் சுருக்கமாக. ஃபாலர் வகைக் கிட்டுகள் வார்க்கும்போதே நிறத்தோடு வரும். அந்தப் பளபளப்பு இருக்கும்வரை பொம்மைதான். ஒட்டுவதற்கு முன்பே சுவர்த் தகடுகளுக்கு மங்கலான சிவப்பு பிரைமர் ஸ்ப்ரே அடித்துவிடுங்கள். காய்ந்ததும் வெளிர் சாம்பல் அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்துத் தடவி, துணியால் துடைத்தால் கலவைக் கோடுகளில் மட்டும் தங்கும். பிறகு கரி.

கரியில் தயங்காதீர்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட காலம் 1950கள். லண்டனை நச்சுப்புகை மூடியது 1952 டிசம்பரில்; தூய காற்றுச் சட்டம் 1956-இல்; நகரங்கள் வெளுக்க அதற்குப் பிறகும் வருஷங்கள் ஆயின. கறுத்த சுவரில் செங்கல் வரி எத்தனை என்று எண்ண முடியாது. அமெரிக்கச் சுவரைக்கூட இப்படி ஒளித்துவிடலாம்.

பழைய பெட்டிகளில் பிளாஸ்டிக் முறுகலாகியிருக்கும். உடைத்து எடுக்காமல் மெல்லிய ரம்பத்தால் அறுங்கள். எனக்கு வந்த பழைய பெட்டி ஒன்றில் ஜன்னல் சட்டமே இல்லை. விற்றவர் "முழுமையானது" என்று எழுதியிருந்தார். எப்படியும் தூக்கி எறியப்போவது அதைத்தான் என்பதால் சண்டை போடவில்லை.

3 மார்ச்

எங்கே எதை வைப்பது என்று மான்செஸ்டர் தம்பி கேட்டிருந்தார். தண்டவாளத்தை ஒட்டி நிற்பது ஓஓ-வாகவே இருக்கட்டும்: சிக்னல் அறை, நடைமேடைக் கட்டடம், தாங்குசுவர். சிரில் ஃப்ரீசர் 1957-இல் வரைந்த மைனரிஸ் என்ற நகர முனையத் திட்டத்தைப் போல, நிலையத்தைப் பள்ளத்தில் வைத்து உயரமான தாங்குசுவருக்குமேல் தெருவை ஏற்றிவிட்டால் இன்னும் வசதி. ரயிலுக்கும் வீட்டுக்கும் நடுவே சுவர் வந்துவிடுகிறது, ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. அதன்மேல் எச்ஓ வீடுகள். அதற்கும் பின்னால் டிடி அளவுப் பின்சுவர்கள், கடைசியில் அதைவிடச் சிறிய ‘என்’ (N) அளவுக் கூரைகள் மட்டும். தூரம் தானாகக் கூடும். லண்டன் கிங்ஸ் கிராஸ் பகுதியை மாடலாகச் செய்த கோப்பன்ஹேகன் ஃபீல்ட்ஸ் லேஅவுட்டில் பின்னால் போகப் போகக் கட்டடங்கள் சிறிதாகிக்கொண்டே போகும். நேரில் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

ஒரு வீட்டை நாலு சுவரோடு ஒட்டாதீர்கள். முகப்பு ஒரு தெருவுக்கு, பின்சுவர் இன்னொரு தெருவுக்கு. பெட்டி ஒன்று, வீடு இரண்டு.

4 மார்ச்

‘என்’ (N) அளவுக்காரர்களுக்கு: பிரிட்டிஷ் ‘என்’ 1:148, ஐரோப்பிய ‘என்’ 1:160, ஜப்பானியது 1:150. அளவுக்கு ஜப்பான்தான் நெருக்கம். ஆனால் பிரிட்டிஷ் தெருவாக்க அதைவிட பாடு எதுவும் இல்லை; நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

17 மார்ச்

மான்செஸ்டர் தம்பி படம் அனுப்பியிருக்கிறார். கிடங்கு வரிசை பிரமாதம், வண்டி வாசல் சரியான உயரம். இடது ஓரத்து வீட்டில் ஒரு ஜன்னலுக்குப் பக்கத்தில் பச்சை நிற மரத் தடுப்புக் கதவு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைக் கழற்றிவிடுங்கள். பொம்மை தயார் செய்தவர் வைத்த பூத்தொட்டியையும்.

அப்புறம், கழற்றி வைத்த ஜெர்மன் கூரைகள் என்னிடம் ஒரு காலணிப் பெட்டி நிறைய இருக்கின்றன, சிவப்பு ஓடு, கெடவில்லை. பவேரியா பக்கம் லேஅவுட் கட்டுகிறவர் யாராவது இருந்தால் தபால் செலவை மட்டும் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். புகைபோக்கிகளும் அதிலேயே கிடக்கின்றன.